பிரித்துப் பிரித்துச் சொன்ன வியாதி

மீன் விற்கிற பொம்பளை என்றால் தெருவுக்கே கேட்கிற தொண்டை இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். எனக்கு அது கிடையாது. ராஜகீழ்ப்பாக்கத்துத் தெருக்களில் இத்தனை வருஷமாக மீன் விற்கிறேன், ஒரு நாளும் கூவி விற்றதில்லை. அலுமினியக் கூடை மேல் கவிழ்த்திருக்கும் தட்டை எடுத்து அதன் விளிம்பால் வீட்டு கேட்டில் தட்டுவேன். அந்தச் சத்தத்துக்கு முதலில் பூனைகள் வரும், அப்புறம் வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

கோவளத்துக் கரையில் ஏலம் எடுக்கும்போதும் அப்படித்தான். மற்ற பெண்கள் ஏலக்காரரோடு கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஓரமாக நின்று முந்தானையை லேசாக இழுத்து விடுவேன். அப்படி இழுத்தால் நான் கேட்கிறேன் என்று அர்த்தம். குனிந்துகொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். அந்த ஏலக்காரருக்கு என் கணக்கு பழக்கமாகிவிட்டது. "ஊம அக்காவுக்கு ஒரு கூட தள்ளு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பேன். பேசாமலேயே பிழைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிழைத்தும் வந்தேன்.

ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் வீட்டுக்காரர் சைக்கிளோடு நிற்பார். கூடையை கேரியரில் வைத்துக் கட்டி, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுத்தான் கொத்து வேலைக்குப் போவார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே நான் கோவளத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். பெரிய மனதைரியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அழுகை வரவில்லை, வேலை இருந்தது.

வியாதி அடுத்த வருஷம் வந்தது. ஒரே நாளில் வரவில்லை. சோறு மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது, அதனால் டீயைக் குடித்தே நாளை ஓட்டினேன். விடிவதற்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிடும், வந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது கண்ணில் தண்ணீர் தானாக வழியும். வெங்காயம் உரித்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். கைகால் எல்லாம் ஈரக் கோணி மாதிரி கனத்தன. பேரப்பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தால்கூட மனசு அசையவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

ஒரு நாள் கோவளத்தில் இருந்து வரும்போது கேளம்பாக்கம் சந்திப்பில் பஸ் மாட்டிக்கொண்டது. கம்பெனி வண்டிகள் முன்னாலும் பின்னாலும் அடைத்து நின்றன. நான் கடைசிப் படி ஓரத்தில் கூடையைக் காலால் அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. விரல் மரத்துப்போனது, தொண்டை அடைத்தது, உடம்பெல்லாம் வேர்வை. இதோ இப்போதே உயிர் போகிறது என்று நினைத்தேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு டீக்கடை ஓரம் தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் பஸ் போய்க்கொண்டிருந்தது, என் மீனோடு.

அன்றைக்கு சாயந்திரம் என் மகன் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து கூடையைக் கொண்டுவந்தான். கண்டக்டர் நல்லவர், பத்திரமாக இறக்கி வைத்திருந்தார். ஆனால் வெயிலில் மீன் எல்லாம் போய்விட்டது. என்னைச் சிரிக்க வைக்கத்தான் மகன் இப்படிச் சொன்னான்.

"உனக்குத்தாம்மா பஸ்ஸு ஃப்ரீ. மீனுக்கு லக்கேஜ் டிக்கெட் கேக்கறாங்க."

நான் சிரிக்கவில்லை. கூடையைக் கழுவி, பின்பக்கம் குளியலறை ஓரத்தில் கவிழ்த்து வைத்தேன். அதோடு அது கவிழ்ந்தே கிடந்தது. நானும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மாதங்கள் போயின. என் வாடிக்கை வீடுகளில் போனில் ஆப் போட்டு மீன் வாங்க ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் ஆய்ந்து கழுவி வருகிறதாம். மகன் ஒரு நாள், வயசாகிடுச்சு போதும்மா, ரெஸ்ட் எடு, கூடையைக் காயலான் கடையில் போட்டுவிடுகிறேன் என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கூடை போனால் அப்புறம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் தைரியம் இல்லை. தீபாவளி கழியட்டும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு உபாதையையும் அதற்கென்று இருக்கிற ஆளிடம்தான் சொல்வோம். நெஞ்சு என்றால் கிளினிக் டாக்டர். தூக்கம், தலைவலி என்றால் மெடிக்கல் ஷாப் பாய். காரணமில்லாமல் அழுகை வந்தால் அம்மன் கோயில் பூசாரி. அலுப்பு, சோறு இறங்கவில்லை என்றால் வீட்டில் மருமகள். நானும் அப்படியே செய்தேன். கிளினிக்கில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, கேஸ் ட்ரபிள்தான் என்றார்கள். நான் அங்கே அழுகையைப் பற்றிச் சொல்லவில்லை, அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். அவரிடம் நெஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை. மருமகள் டானிக் வாங்கிக் கொடுத்தாள். பாய் சளிக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைக் கொடுத்து, இது கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும், ரெண்டு நாளைக்கு மட்டும் என்றார்.

இதற்கு நடுவில் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளும் கிடையாது.

ரெண்டு நாள் மாத்திரையை நான் ரொம்ப நாள் வாங்கிக்கொண்டிருந்தேன். மருமகளை விட்டு வாங்கிவரச் சொல்ல மாட்டேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது கடைக்குப் போனால் காசு கொடுத்து அனுப்புவேன். கடைசியில் பாய் பிடித்துக்கொண்டார். என் மருமகள் ஏதோ வாங்கப் போனபோது அவளிடம், உங்க மாமியாருக்கு இனிமே மாத்திரை தர மாட்டேன், எத்தனை மாசமா அந்தம்மா தூங்கல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம இன்னா பண்றீங்க என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா அத்த இது? தூக்கம் இல்லன்னு பாய்க்குத் தெரியுது, ஒரே வூட்ல கீற எனக்குத் தெரியல."

நான் குனிந்துகொண்டேன், ஏலத்தில் வேண்டாம் என்பதற்குக் குனிகிற மாதிரி. அவள் விடவில்லை. கையில் இருந்த கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். இது எதுக்கு என்றாள். அழுகைக்கு என்றேன். "அழுகையா?" என்றவள் கயிற்றை விட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "நெஞ்சு வலிக்கு ஒருத்தர், தூக்கத்துக்கு ஒருத்தர், அழுகைக்கு ஒருத்தர். ஒரு ஆளுக்கு எத்தினி வியாதி அத்த இருக்கும்?"

அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் என்னை ஆட்டோவில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பஸ் என்றால் நான் வந்திருக்க மாட்டேன். அங்கே ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு சீட்டைக் கொடுத்து, ரிசல்ட்டோடு இந்த வாசலுக்குப் போங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் மேலே மனநலப் பிரிவு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அஞ்சாம் கிளாஸ் படிப்பு அதை வாசிக்கப் போதும். கால் அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் பைத்தியமா என்று மருமகளைக் கேட்டேன். பைத்தியம் பிடிச்சவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க, வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொரு அம்மாவும் துப்பட்டாவால் முக்காடு போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். நர்ஸ் கூப்பிட்டபோது அவர் நிமிர்ந்தார். பார்த்தால் என் வாடிக்கை, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மாடி வீட்டம்மா. வாரம் தவறாமல் நெத்திலி வாங்குகிறவர். இருவருக்கும் முகம் செத்துப்போனது. அவர்தான் முதலில் பேசினார்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க, நானும் சொல்ல மாட்டேன்."

நான் தலையாட்டினேன். உள்ளே போகப் போனவர் திரும்பி வந்து, மாத்திரை கொடுத்தா முதல் வாரம் வயித்தைப் பிரட்டும், நிறுத்திடாதீங்க என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். நான் உட்காருவதற்குள் மருமகள் ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஊர்களில் ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூட்டிப்போனாலும் கூடப் போகிறவர்தான் பேசுவார், நோயாளி சும்மா உட்கார்ந்து கையைக் காட்டுவார். எனக்கு அது ரொம்ப வசதியாகவே இருந்துவந்தது. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னாள். டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டு, நீங்க நல்லா சொன்னீங்கம்மா, கொஞ்சம் வெளியே இருங்க, இனி அம்மா சொல்லட்டும் என்றார். கதவு சாத்திக்கொண்டது. மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

அவர் அவசரப்படுத்தவில்லை. சாப்பாடு, தூக்கம், பஸ், நெஞ்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஆமாம் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் போனதற்கு நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதேன். டாக்டர் அழ விட்டார். அழுது முடித்த பிறகு கேட்டார்.

"அம்மா, உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணுச்சா?"

நான் யாரிடமும் சொல்லாதது அதுதான். இந்த அம்மா எப்படி இத்தனை சாதாரணமாக, சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரலில் கேட்கிறார் என்று இருந்தது. குனியத்தான் நினைத்தேன். கழுத்து குனியவில்லை.

"ஏதும் பண்ணிக்கணும்னு இல்லம்மா. படுக்கறப்போ, காலைல கண்ணு முழிக்காம போனா பரவால்லன்னு தோணும். டெய்லி தோணும்."

சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் வெளியாள் ஒருவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. பூமி பிளக்கவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, சொன்னது ரொம்ப நல்லது, இது நோய் பேசுற பேச்சு, நீங்க பேசுறது இல்ல என்றார். இது எப்போதாவது அதிகமானால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், மருமகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றார். சொல்லலாமா என்று என்னைக் கேட்ட பிறகுதான் அவளை உள்ளே கூப்பிட்டார்.

அவர் விளக்கினதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மனச்சோர்வு ஒன்று, பதற்றம் ஒன்று. பேர்தான் ரெண்டு, பல பேருக்கு அவை சேர்ந்தே வருகின்றன. தூக்கம் கெடுவது, உடம்பு அலுத்துப்போவது, மனசு ஒரு இடத்தில் நிற்காதது எல்லாம் ரெண்டுக்கும் பொது. ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுக்கும். எனக்கு இது சட்டென்று விளங்கியது. வலையில் நெத்திலியும் காரப்பொடி மீனும் கலந்துதான் ஏறும். ஏறினது எல்லாவற்றையும் ஒரு இடத்தில் கொட்டினால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். நான் கைப்பிடி கைப்பிடியாக ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தேன்.

காரணம் என்ன என்று மருமகள் கேட்டாள். ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரத்தத்தில் தைராய்டு குறைவாக இருந்தது. அதுவே ஆளைச் சோர்ந்துபோக வைக்கும், மனசையும் அழுத்தும். துக்கத்தை உள்ளேயே பூட்டி வைத்தது ஒன்று. சோற்றுக்குப் பதிலாக டீ குடித்தது நெஞ்சுப் படபடப்பைக் கூட்டியிருக்கும். இது சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும் என்றார். அப்போதுதான் என் அம்மா கடைசிக் காலத்தில் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்திருந்தோம்.

தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. டீ அப்புறம்தான். மனசுக்கு ஒரு மாத்திரை, அது வேலை செய்ய சில வாரம் ஆகும், நானாக நிறுத்தக் கூடாது. பாய் கொடுத்த மாத்திரை வேண்டாம். அப்புறம் மாத்திரை மட்டும் போதாது என்று சொல்லி, பேசுவதற்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். கவுன்சிலர் என்றார்கள். என் மருமகளைவிடச் சின்ன வயசுதான் இருக்கும். பேசுவதற்குச் சம்பளமா என்று உள்ளுக்குள் சிரித்தேன். போகப்போக, அது எத்தனை கஷ்டமான வேலை என்று தெரிந்தது, அவளுக்கும் எனக்கும்.

முதல் வாரம் மாடி வீட்டம்மா சொன்னபடியே வயிற்றைப் பிரட்டியது. படபடப்புகூட ஒரு கை கூடின மாதிரி இருந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நானேதான் சொன்னேன், மருமகள் வெளியே இருந்தாள். சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று நேரத்தை மாற்றினார். சில வாரம் கழித்து ஒரு காலையில் மருமகள் வைத்த வத்தக்குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கரண்டியோடு ஓடிப்போய் என் மகனிடம், அத்தைக்கு ருசி தெரியுதுங்க என்றாள்.

பஸ் மட்டும் மிச்சம் இருந்தது. பயம் போன பிறகு பஸ் ஏறலாம் என்று நான் காத்திருந்தேன். கவுன்சிலர் பெண் அதைத் திருப்பிப் போட்டாள். பஸ் ஏற ஏறத்தான் பயம் போகும் என்றாள். நெஞ்சு அடிக்கும்போது ஓடிவிட்டால், ஓடினதால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்கு வைத்துக்கொள்ளுமாம். இறங்காமல் நின்றால் அந்த அலை ஏறித் தானாக இறங்கும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, இன்னும் மெதுவாக வெளியே விடக் கற்றுக்கொடுத்தாள்.

முதலில் ஸ்டாப்பில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். அவர் சைக்கிளோடு நின்ற இடத்தைப் பார்த்தேன், அழுதேன், வந்தேன். அப்புறம் ஒரு ஸ்டாப் தள்ளி. அப்புறம் தாம்பரம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என் வைத்தியத்துக்கென்றே விட்ட மாதிரி இருந்தது. எங்கே போறீங்கம்மா என்று ஒரு கண்டக்டர் கேட்டார். எங்கேயும் இல்லப்பா, சும்மாதான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் வண்டலூர். அங்கே இரண்டு முறை பாதியில் இறங்கிவிட்டேன். கவுன்சிலர் பெண் திட்டவில்லை, மறுபடி ஏறுங்கம்மா என்றாள். ஏறினேன்.

தீபாவளி வந்து போனது. மகன் காயலான் கடை என்று வாயெடுக்கும் முன்னால் நான் கூடையை நிமிர்த்திப் புளி போட்டுத் தேய்த்தேன். அவன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மீனை மூடப் புதுக் கோணி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து வைத்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கோவளம் போனேன். கேளம்பாக்கத்தில் சாலை காலியாக இருந்தது, தொல்லை இல்லை. கரையில்தான் எனக்கு இன்னொன்று காத்திருந்தது. பழைய ஏலக்காரர் இல்லை. இடுப்பு வலி என்று வீட்டோடு இருக்கிறாராம். அவருடைய இடத்தில் ஒரு புது ஆள் நின்று கத்திக்கொண்டிருந்தான். நல்ல சங்கரா, கண்ணெல்லாம் தெளிவாக, ஒரு கூடை வந்தது. நான் முந்தானையை இழுத்தேன். அவன் பார்த்தான், வேறு பக்கம் திரும்பினான். மறுபடி இழுத்தேன். அவனுக்கு அது வெறும் முந்தானை. விலை ஏறிக்கொண்டே போனது, மீன் இன்னொருத்திக்குப் போகப் போகிறது. நெஞ்சு அடித்தது. இந்த அடி எனக்குத் தெரிந்த அடிதான். மூச்சை விட்டேன்.

"யோவ், இந்தாண்ட பாரு. நான் கேக்கறேன், அந்தக் கூட எனக்கு" என்றேன்.

நானா கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பழைய கூட்டாளி ஒருத்தி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடியே, ஊம அக்கா பேசுதுடி."

கரையே சிரித்தது. புது ஏலக்காரன் ஒன்றும் புரியாமல், சரிக்கா சரிக்கா, எதுக்குக் கத்துற என்று கூடையை என் பக்கம் தள்ளினான்.

வரும்போது கேளம்பாக்கம் சந்திப்பில் பஸ் நின்றுவிட்டது. அதே சிக்னல், அதே டீக்கடை. தொண்டை அடைத்தது, விரல் மரத்தது. கூடையைக் காலால் அணைத்துக்கொண்டு, வா, வந்துட்டுப் போ என்று அதைப் பார்த்துச் சொன்னேன், மனசுக்குள்தான். ஏறியது. அந்த அலை நன்றாகவே ஏறியது. அப்புறம் இறங்கியது. சிக்னல் விழுவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. பஸ் கிளம்பியபோது நான் டீக்கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு என்னை விட்டுவிட்டுப் போன பஸ்ஸில் இன்றைக்கு என் மீனோடு நானும் போகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கியதும் சைக்கிள் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். என் மூடித் தட்டு எங்கோ தொலைந்துபோயிருந்தது, கேட்டில் தட்ட ஒன்றும் இல்லை. மாடி வீட்டு வாசலில் நின்று, கரையில் விட்ட அதே குரலை எடுத்து "மீனு" என்றேன். மாடி வீட்டம்மா பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு மீனுக்காக வந்த சிரிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டதை அவரும் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

"ரெண்டு கிலோ போடுங்க. அந்த டப்பா மீனுல வாசனையே இல்ல" என்றார்.

பக்கத்து வீடுகளிலும் கதவு திறந்தது. நல்லா கீறீங்களாம்மா, எங்க போயிட்டீங்க இத்தினி நாளா என்று கேட்டார்கள். உடம்பு சரியில்ல, மனசும் சரியில்ல, ரெண்டுக்கும் மாத்திர சாப்டுறேன் என்று சொன்னேன். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. ஒருத்தி மட்டும் கூடைப் பக்கம் குனிந்து, மெதுவாக, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள்.

மாத்திரையை இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர் சொல்கிறபோதுதான் குறைப்பது. சில விடியற்காலையில் நெஞ்சு இன்னும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கும். யார் என்று கேட்டு அனுப்பிவிடுகிறேன்.

அன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. வீட்டுக்கு வந்தால் மருமகள் மசாலா அரைத்து வைத்துக் காத்திருக்கிறாள். தெருமுனையில நீங்க கத்தினது இங்க கேட்டுச்சு அத்த, மீன எடுங்க என்றாள். வீட்டுக்கென்று ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.